முருகையாவின் வாய்ப்பூட்டு

போர்ட் பிளேரிலிருந்து மாயாபந்தர் வரைக்கும் முருகையா பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தார். உட்கார இடம் இல்லாமல் இல்லை. ஜன்னலோரம் அவருக்கு எடுத்த சீட்டில் துணிப்பை உட்கார்ந்திருந்தது. பக்கத்து சீட்டில் அவர் மனைவி கருப்பாயி. வண்டி பள்ளத்தில் விழுந்து எழும்போதெல்லாம் மேல்கம்பியைப் பிடித்திருந்த அவர் கை வெளுத்துப் போகும். வாய் மட்டும் திறக்காது.

"பைட்டோ நா அங்கிள். சீட் காலி ஹை," என்று கண்டக்டர் உட்காரச் சொல்லிப் பார்த்தான். கால் மரத்துவிட்டது, நிற்பதுதான் சுகம் என்று முருகையா இந்தியில் ஒரு பொய் சொன்னார்.

ஜிர்காடாங்கில், காட்டு ரோட்டில் வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்புகிற கான்வாய் கிளம்பும் வரைக்கும் எல்லாம் வரிசை கட்டி நின்றன. கருப்பாயி இறங்கிப் போய் டீ வாங்கி வந்து நீட்டினாள்.

"குடிங்க."

"வேணாம்."

"டாக்டரு தண்ணிய நெறையக் குடிக்கச் சொன்னாருல்ல?"

"குடிச்சா ஒண்ணுக்குப் போவணும் புள்ள. போனா ரத்தமா வருது."

அந்த டீயை அவளே குடித்தாள். சர்க்கரை போட்டார்களா இல்லையா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

முருகையா சத்தம் போடாத மனிதர். அதுதான் அவருக்கு ஊரில் பெயர். இலங்கையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். விவரம் தெரியாத வயதில் அப்பா அம்மாவோடு கப்பலேறி, நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வந்து இறங்கினார். மீசை முளைக்கும் முன்னே கையில் பால் வெட்டும் கத்தி வந்துவிட்டது. பனி பெய்கிற நேரத்தில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் மரமாய்ப் போகிற வேலை. மரத்தோடு என்ன பேச்சு? சுனாமியில் அண்ணன் குடும்பம் மொத்தமும் போனது. அன்றைக்கும் அவர் வாய்விட்டு அழவில்லை. எல்லோரும் அழுது முடித்த பிறகு எழுந்து போய், இருந்த ஒரே பானையில் எல்லோருக்கும் கஞ்சி காய்ச்சினார். அதற்குப் பிறகுதான் மாயாபந்தர் வந்தது, ஒரு பெங்காலிக்காரரின் பாக்குத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம்.

மாயாபந்தரில் படகுத்துறைக்கு மேலே மேட்டில் ஒரு முருகன் கோவில் உண்டு. விடிந்ததும் அதைக் கூட்டிப் பெருக்கித் தண்ணீர் தெளிப்பது முருகையாதான். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவராக எடுத்துக்கொண்டது. பங்குனி உத்திரத்துக்கு மற்றவர்கள் காவடி எடுப்பார்கள், பால்குடம் எடுப்பார்கள். இவர் வாய்ப்பூட்டு போட்டுக்கொள்வார். மஞ்சள் துணியை வாயில் குறுக்காகக் கட்டி முடிச்சுப் போட்டால், அபிஷேகம் முடிந்து அவிழ்க்கிற வரைக்கும் பேச்சு கிடையாது. மற்றவர்கள் வாய்ப்பூட்டு போட்டுக்கொண்டு கையாலேயே கதை சொல்வார்கள், தண்ணீர் கேட்பார்கள், பெண்டாட்டியை அதட்டுவார்கள். முருகையாவுக்கு அது பிடிக்காது. சைகையும் பேச்சுதான் என்பார். அந்த நாளில் அவர் முகத்தைப் பார்த்தால் பசிக்கிறதா, வெயில் சுடுகிறதா என்று பெற்ற தாய்க்குக்கூடத் தெரியாது.

அப்படிப்பட்டவர் ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து கொல்லைப்பக்கம் போக ஆரம்பித்தார். போனால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், ப்ராஸ்டேட் என்கிற சுரப்பி வீங்கியிருக்கிறது, ரத்தத்தில் கணக்கு கூடுதலாகக் காட்டுகிறது, போர்ட் பிளேர் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்தால்தான் புற்றா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார். பயாப்ஸி என்ற சொல்லை முருகையா அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார். வீட்டுக்கு வந்து பூஜை மாடத்துக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து கருப்பாயியிடம் சொன்னார்.

"வாயக் கட்டிக்கிட்டுப் போறேன். டெஸ்ட் முடியிற வரைக்கும் ஒரு சத்தம் வராது. அதுக்கு முருகன் எனக்கு நல்ல பதிலா சொல்லணும். வேண்டிக்கிட்டேன்."

கருப்பாயி சரி என்றாள். அப்போது அது அவளுக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

போர்ட் பிளேருக்குப் பக்கத்தில் சிப்பிகாட்டில் கருப்பாயியின் தம்பி தேவேந்திரன் வீடு. லாரி ஓட்டுகிறவன். ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்று காலையில் முருகையா குளித்து, விபூதி பூசி, மஞ்சள் துணியைக் கட்டியதைப் பார்த்து அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

"மச்சான் பேசாம இருக்கிறதுக்கு ஒரு விரதமா? மீனு குளிக்கிறதுக்கு விரதம் இருந்த மாதிரி. அக்கா, நீ வாயக் கட்டு. இந்த சிப்பிகாட்டுக்கே புண்ணியமாப் போகும்."

"போடா போக்கிரி. வண்டிய எடு," என்றாள் கருப்பாயி. முருகையாவின் கண் மட்டும் கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரியில் துணியை அவிழ்க்கச் சொன்னார்கள். அவிழ்த்தார். வாயை மட்டும் இறுக மூடிக்கொண்டார். அங்கிருந்த நர்ஸ் பெயர் கேட்டாள், வயது கேட்டாள். பதில் இல்லை. அவள் கருப்பாயியைப் பார்த்து, "கூங்கா ஹை க்யா?" என்றாள், ஊமையா என்று. பின்னால் வரிசை நின்றது. வாய்ப்பூட்டு, வேண்டுதல், பங்குனி உத்திரம் இதையெல்லாம் இந்தியில் எப்படிச் சொல்வது என்று யோசித்த கருப்பாயி அலுத்துப்போய், "ஹாங், ஹாங்," என்று தலையாட்டிவிட்டாள். அந்த ஒரு தலையாட்டல் இப்படிக் கொண்டுபோய் விடும் என்று அவள் கண்டாளா?

உள்ளே இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, முழங்காலை நெஞ்சுவரை மடக்கச் சொன்னார்கள். பிள்ளை வயிற்றுக்குள் கிடக்கிற மாதிரி. இடுப்புக்குக் கீழே துணி இல்லை. கட்டிய பெண்டாட்டி தவிர ஒரு பெண் தன்னை அப்படிப் பார்த்ததில்லை என்று முருகையாவுக்குக் காது மடல் சுட்டது. டாக்டர் நல்ல மனிதர். பெங்காலிக்காரர். நிதானமாக இந்தியில் சொன்னார். முதலில் மரத்துப்போக ஊசி போடுவேன். பிறகு ஆசனவாய் வழியாகக் கருவியை விட்டு, பன்னிரண்டு இடத்தில் துளித்துளியாகச் சதை எடுப்பேன். ஒவ்வொரு தடவையும் டக்கென்று சத்தம் வரும், பயப்படாதே. வலித்தால் கையைத் தூக்கு. நிறுத்திவிட்டு இன்னொரு ஊசி போடுகிறேன்.

கருவி உள்ளே போனபோதே முருகையாவுக்கு உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது. ஊசி போட்டார்கள். மரத்துப் போச்சா என்று டாக்டர் கேட்டார். முருகையா கல்லாகக் கிடந்தார். அசையாமல் கிடக்கிறவரைப் பார்த்தால் மரத்துவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டக்.

உள்ளுக்குள் எங்கோ, தனக்கு இருக்கிறது என்றே இதுவரை தெரியாத ஓர் இடத்தில், தேள் கொட்டியது போல இருந்தது. முருகா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். டக். இந்தத் தடவை வலி வயிற்றைச் சுற்றிக்கொண்டு குறியின் நுனிவரைக்கும் இறங்கியது. வலியைவிட அடுத்த டக் எப்போது வரும் என்று காத்துக்கிடப்பதுதான் பெரிய கொடுமையாக இருந்தது. கை தூக்கினால் போதும். ஆனால் கை தூக்குவதும் பேச்சுதானே. கட்டில் விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டார். டக். டக். எதிர்ச் சுவரில் பல்லி ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த டக்கில் பல்லியும் தெரியவில்லை, சுவரும் தெரியவில்லை.

"ஐயோ அம்மா!"

அவர் கால் தானாக உதறி, பக்கத்திலிருந்த ட்ரே கீழே விழுந்து உருண்டது.

"அரே! கூங்கா போல் படா!" என்று நர்ஸ் அலறினாள். ஊமை பேசிவிட்டானாம்! பிறகு அவளை அறியாமலே சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தமிழ்ச் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து இன்னொரு நர்ஸ் ஓடிவந்தாள். விஜயலட்சுமி என்று பெயர், மெயின்லாண்டில் மதுரைப் பக்கம். "என்னங்கய்யா, என்ன செய்யுது?" என்று அவள் கேட்டதும் முருகையா அழ ஆரம்பித்தார். சத்தமில்லாமல்தான். ஆனால் நிறுத்த முடியவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. அவ்வளவு பதற்றத்தில் மேலே செய்ய முடியாது என்று கையுறையைக் கழற்றிவிட்டு, அவர் தோளில் கை வைத்து, "சாச்சா, போல்னா சாஹியே தா," என்றார், சொல்லியிருக்கலாமே என்று. எடுத்த வரைக்கும் அனுப்பிப் பார்ப்போம், போதவில்லையென்றால் மறுபடி வர வேண்டியிருக்கும் என்று விஜயலட்சுமி கருப்பாயியிடம் சொல்லி, நம்பர் வாங்கிக்கொண்டாள்.

அப்படித்தான் அந்த பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தது.

ஊருக்கு வந்து ரத்தம் நின்றது. உட்காரவும் முடிந்தது. ஆனால் முருகையா கோவிலுக்குப் போகவில்லை. விடிந்தால் விளக்குமாற்றைக் கருப்பாயி கையில் கொடுத்து, "நீ போயிட்டு வா," என்பார். அவள் என்னவென்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். ஒருநாள் பாக்கு உரித்துக்கொண்டிருக்கும்போது தானாகச் சொன்னார்.

"வாய்ப்பூட்டு ஒடைஞ்சு போச்சு புள்ள. வாக்குக் குடுத்துட்டு கத்திட்டேன். அவன் மொகத்த எப்படிப் பாக்கிறது?"

"வலிச்சா கத்தத்தான் செய்வாங்க."

"அப்ப விரதம்னு எதுக்குப் பேரு?"

மழை பிடித்துக்கொண்ட நாளில் விஜயலட்சுமியின் போன் வந்தது. எடுத்த சதை போதவில்லை, ஒரு துண்டில் மட்டும் சந்தேகமாக இருக்கிறது, மீதியையும் எடுத்துப் பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது, மருந்தும் தொடங்க முடியாது, தள்ளிப்போடாமல் வாருங்கள் என்றாள்.

"நான் வரல," என்றார் முருகையா, போன் வைத்த பிறகு.

"சந்தேகம்னு சொல்றாங்க. என்னன்னு தெரிய வேணாமா?"

"வாயக் கட்டிக்கிட்டுப் போனா என்னால தாங்க முடியாது. அது தெரிஞ்சு போச்சு. கட்டாமப் போனா அவன்கிட்ட சொன்ன சொல்லு பொய்யாப் போச்சு. எப்படிப் போனாலும் பதிலு நல்லதா வராது. விடு."

"ஒங்களுக்குப் பயம். அத முருகன் தலையில ஏத்துறீங்க."

"ஆமா, பயந்தான்," என்று ஒத்துக்கொண்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கருப்பாயிக்குச் சண்டை போடக்கூடத் தெம்பில்லை. அவளும் கொல்லைப்பக்கம் டார்ச் பிடித்துக்கொண்டு அவரோடு ராத்திரி ராத்திரியாக எழுந்தவள்தானே. கண்ணுக்குக் கீழே கருவளையம் போட்டுவிட்டது.

அடுத்த நாள் காலையில் கோவில் கூட்டப் போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது தலை நனைந்திருந்தது, நெற்றி நிறைய விபூதி. இடுப்பு முடிச்சில் மஞ்சள் துணியில் முடிந்த காசு தெரிந்தது. முருகையாவுக்கு அதைப் பார்த்ததும் திக்கென்றது.

"என்னது அது?"

"நேந்துக்கிட்டேன்."

"என்னன்னு?"

"ஒங்க பேருல. மறுபடி டெஸ்ட்டுக்குப் போவீங்க. அங்க வலிச்சா முருகான்னு சத்தமாச் சொல்லுவீங்க. வெளியில நிக்கிற எனக்குக் கேக்கணும். வலிச்சும் சொல்லாம இருந்தீங்கன்னா, அதுதான் குத்தம். டெஸ்ட் முடிஞ்சா இந்தக் காச உண்டியல்ல போடுறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

முருகையா எழுந்தே நின்றுவிட்டார். "என்னையக் கேக்காம எப்படி நேந்த?"

"நீங்க மட்டும் என்னையக் கேட்டா வாயக் கட்டுனீங்க?"

"அதெல்லாம் ஒரு வேண்டுதலா? ஆஸ்பத்திரியில போய்க் கத்துறேன்னு எவனாவது நேருவானா?"

"உத்திரத்தன்னிக்கு காவடிக்காரங்க மேட்டுல ஏறயில என்ன செய்றாங்க? வேல் வேல்னு தொண்ட கிழியக் கத்துறாங்களே. அவங்க பக்திய மட்டும் அவன் வேணாம்னா சொல்றான்? வாய்ப்பூட்டு எத்தனையோ தடவ போட்டுப் பாத்தாச்சு. ஒரு தடவ கத்திப் பாருங்க." பிறகு தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள். "என்னாலயும் முடியலங்க. நீங்க பேசாம இருந்தா எங்க வலிக்குதுன்னு நான் எத்தன வருசந்தான் கண்டுபிடிக்கிறது?"

சண்டை தீர்ந்துவிடவில்லை. ஆனால் ஒரு சங்கதி. நேர்ந்தது நேர்ந்ததுதான். கட்டினவள் தன் பெயரில் முடிந்த காசை வீட்டில் வைத்துக்கொண்டு, போகாமல் இருக்க முருகையாவால் முடியாது. அது அவளுக்கும் தெரியும். அன்றைக்குச் சோறு தின்னும்போது தலையைத் தூக்காமலே, "பஸ்ஸு டிக்கெட்டுக்கு யாரு போறா?" என்று கேட்டார்.

மறுபடி அதே காட்டு ரோடு, அதே கான்வாய், பாராடாங்கில் வண்டியைப் படகில் ஏற்றிக் கடக்கிற அதே கழிமுகம். சிப்பிகாட்டில் தேவேந்திரன், "என்ன மச்சான், இந்தத் தடவ எதக் கட்டிக்கிட்டு வந்தீங்க?" என்றான். கருப்பாயி விஷயத்தைச் சொன்னதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு மச்சானின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்போது, "நல்லாக் கத்துங்க மச்சான். வெக்கப்படாதீங்க," என்று மெல்லச் சொன்னான்.

இந்தத் தடவை கருப்பாயி விஜயலட்சுமியைத் தேடிப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள், வாய்ப்பூட்டிலிருந்து முடிந்த காசு வரைக்கும். விஜயலட்சுமி சிரிக்கவில்லை. உள்ளே போய் டாக்டரிடம் இந்தியில் எடுத்துச் சொன்னாள். டாக்டர் கவனமாகக் கேட்டுவிட்டு, "டீக் ஹை. முருகா போலேகா தோ மை ருக்கூங்கா," என்றார். முருகா என்றால் நிறுத்திவிடுவாராம்.

பழைய கட்டில், பழைய சுவர். பல்லி இல்லை. மரத்துப்போகிற ஊசியின் முதல் குத்திலேயே முருகையாவுக்கு வலித்தது. இது சின்ன வலிதான், இதற்கும் சொல்ல வேண்டுமா என்று ஒரு கணம் தோன்றியது. பழகிய வாய், திறக்க மாட்டேன் என்றது. பிறகு அந்த மஞ்சள் முடிச்சு ஞாபகம் வந்தது.

"முருகா," என்றார். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரி இருந்தது.

டாக்டர் நிறுத்தினார். "எனக்கே கேக்கலையேய்யா, வெளியில இருக்கிற அம்மாவுக்கு எப்படிக் கேக்கும்?" என்றாள் விஜயலட்சுமி. மருந்து ஏறட்டும் என்று காத்திருந்தார்கள். இன்னொரு ஊசி போட்டார்கள். மறுபடி காத்திருந்தார்கள். அதன் பிறகு டக், டக் என்று சத்தம் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. அழுத்தம் தெரிந்தது. வலி என்று சொல்ல முடியாது. முருகையா ஆச்சரியப்பட்டார். இப்படியும் இருந்திருக்கலாம் என்று முதல் தடவையை நினைத்து அவருக்குக் கொஞ்சம் ஆற்றாமையும் வந்தது.

ஆனால் ஓரத்தில் ஓர் இடம் மரக்கவில்லை. அங்கே டக்கென்றதும் தேள் மறுபடி கொட்டியது.

"முருகா!"

இந்தத் தடவை அவர் கட்டளை போட்டு வந்த சத்தமில்லை. அடிவயிற்றிலிருந்து தானாகக் கிளம்பியது. கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கருப்பாயி இரண்டு கையையும் கூப்பி, "அரோகரா," என்றாள். பக்கத்திலிருந்த தெலுங்குக்கார அம்மாள் என்னமோ ஏதோ என்று திரும்பிப் பார்த்தாள்.

டாக்டர் நிறுத்தி, அந்த இடத்துக்கு மட்டும் மருந்து போட்டார். அப்படி நிறுத்தி நிறுத்தி மிச்சத்தையும் எடுத்து முடித்தார்கள். முருகா என்று இன்னும் சில தடவை சத்தம் வந்தது. கடைசித் தடவை டாக்டரே, "முருகா, முருகா, ஹோ கயா," என்று அவரை முந்திக்கொண்டு சொல்லிவிட்டார், முடிந்துவிட்டது என்று. முருகையா கட்டிலிலிருந்து இறங்கியபோது உடம்பு முழுக்க வியர்த்திருந்தது. பத்து ஏக்கர் மரத்துக்குப் பால் வெட்டிவிட்டு வந்தவர் போல் களைத்திருந்தார். பதில் வர நாளாகும் என்றார்கள். நல்லதா கெட்டதா என்று யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அதே பஸ், அதே கண்டக்டர். கருப்பாயி ஏறினதும் ஜன்னலில் தலையைச் சாய்த்தவள், ஊர் தாண்டும் முன்னே தூங்கிவிட்டாள். முருகையா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பைட்டோ நா அங்கிள்."

முருகையா வாயைத் திறந்தார். மூடினார். வேண்டுதல் ஆஸ்பத்திரியோடு முடிந்துவிட்டது. இங்கே சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கால் மரத்துவிட்டது என்று பழையபடி சொல்லிவிடலாம்.

"தர்த் ஹோதா ஹை பேட்டா," என்றார். "வலிக்குது. கீழே ஊசி போட்டிருக்காங்க. உக்கார முடியல."

முன்னால் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். முருகையாவுக்குக் காது மடல் சுட்டது. கண்டக்டர் நேராக டிரைவர் சீட்டுப் பக்கம் போனான். அங்கே குனிந்து எதையோ இழுத்தான். யாரோ டிக்லிபூருக்குக் கொடுத்துவிட்ட ஸ்கூட்டர் டியூப். வாயால் ஊதிப் பாதி காற்று நிரப்பி, சீட்டில் வட்டமாகப் போட்டு, கையால் ஒரு தட்டுத் தட்டினான்.

"அப் பைட்டோ."

முருகையா மெல்ல, ஒரு பக்கமாகச் சாய்ந்து, உட்கார்ந்து பார்த்தார். வலி இருந்தது. ஆனால் உட்கார முடிந்தது. வாழ்நாளெல்லாம் ரப்பர் பால் வெட்டிய மனிதர், ரப்பர் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஜிர்காடாங்கில் வண்டி நின்றபோது கருப்பாயி கண் விழித்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள், கீழே இருப்பதையும் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றார் முருகையா. "ஒரு டீ வாங்கியா. சீனி போடச் சொல்லு."